நாவலைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுத: பிப்பின் கைகளிலிருந்து தொடங்குவோம்

பி.ஏ. ஆங்கில இலக்கியப் பிள்ளைகளின் அசைன்மென்ட்களை வருஷா வருஷம் திருத்துகிறேன். பெரும்பாலானவை ஒரே மாதிரி தொடங்கும்: சார்லஸ் டிக்கன்ஸ் 1812-ல் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தார். அடுத்து அவர் எழுதிய நாவல்களின் பட்டியல். அப்புறம் மூன்று பக்கத்துக்குக் கதைச் சுருக்கம். கடைசியில் "ஆகவே இது ஒரு மகத்தான நாவல்". எழுதியவருக்குத் திறமை இல்லை என்பதல்ல காரணம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளியில் பழகிவிட்டோம். கடையில் கிடைக்கும் கைடும் அதே அச்சில்தான் இருக்கிறது. கல்லூரியில் கேட்கும் கட்டுரை வேறு ரகம். நாவலில் என்ன நடந்தது என்பது திருத்துகிறவருக்குத் தெரியும். நீங்கள் அதில் எதைக் கவனித்தீர்கள், அதை வைத்து என்ன சொல்ல வருகிறீர்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. அதை எழுதுங்கள்.

எப்படி என்று ஒரே நாவலை வைத்துச் சொல்கிறேன். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பல பாடத்திட்டங்களில் இருக்கிறது. எனக்கும் மிகப் பிடித்த நாவல். கொல்லன் ஜோவின் வீட்டில் வளரும் அநாதைப் பையன் பிப், யாரோ தரும் பணத்தில் லண்டன் போய்க் கனவானாகிறான். பணம் தந்தவர் பணக்காரச் சீமாட்டி மிஸ் ஹேவிஷாம் என்று நம்புகிறான். உண்மையில் தந்தவன், சின்ன வயதில் அவன் பயந்துகொண்டே சோறு கொடுத்த கைதி மேக்விட்ச். கதைச் சுருக்கம் இவ்வளவு போதும். உங்கள் கட்டுரையிலும் இதற்கு மேல் வேண்டாம்.

முதல் வாசிப்பைக் கதைக்காகவே படித்துவிடுங்கள். இரண்டாவது தடவை கையில் பென்சில் இருக்கட்டும். 'தீம் என்ன?' என்று தேடாதீர்கள். தேடினால் 'பணம், வர்க்கம், காதல்' என்று எல்லா நாவலுக்கும் பொருந்துகிற மூன்று சொற்கள்தான் கிடைக்கும். திரும்பத் திரும்ப வருகிற ஒரு சின்னப் பொருளையோ செய்கையையோ பிடியுங்கள். இந்த நாவலில் அப்படி வருவது கைகள்.

இரண்டாம் அத்தியாயத்திலேயே, ஜோவின் மனைவியான பிப்பின் அக்காவின் கனத்த கை பிப்பின் மேலும் ஜோவின் மேலும் விழுகிறது. எட்டாம் அத்தியாயத்தில் சீட்டு விளையாடும்போது, மிஸ் ஹேவிஷாமின் வளர்ப்பு மகள் எஸ்டெல்லா அவனுடைய சொரசொரப்பான கைகளைக் கேலி செய்கிறாள். அதுவரை தன் கைகளைப் பற்றி வெட்கப்பட வேண்டும் என்று அவன் நினைத்ததே இல்லை. வக்கீல் ஜாகர்ஸ் கட்சிக்காரர்கள் போனதும் வாசனை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். அவரே விருந்தில் வேலைக்காரி மோலியின் மணிக்கட்டை விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார். பின்னால் அந்த மோலியின் விரல் அசைவை வைத்துத்தான் அவள் எஸ்டெல்லாவின் தாய் என்று பிப் கண்டுபிடிக்கிறான். மிஸ் ஹேவிஷாமைத் தீயிலிருந்து காப்பாற்றும்போது பிப்பின் கைகள் வெந்துபோகின்றன.

'பிராஜெக்ட் குட்டன்பெர்க்' தளத்தில் நாவலின் முழுப் பிரதியும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'ஹேண்ட்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். வந்து குவியும். எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். எந்த இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று பாருங்கள். கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நான் வகுப்பில் எடுக்கும் இரண்டு இடங்கள் 39-ம் அத்தியாயமும் 56-ம் அத்தியாயமும். முதலாவதில், புயலடிக்கும் ஓர் இரவில் மேக்விட்ச் லண்டன் வீட்டுக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டுகிறான். பிப் மனசில்லாமல் தன் கைகளைக் கொடுக்கிறான். மேக்விட்ச் அவற்றை உதட்டுக்கு உயர்த்தி முத்தமிடுகிறான், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்த இரவே அவனுடைய கை தோளில் படும்போது, இந்தக் கையில் ரத்தக்கறை இருக்கலாமே என்று பிப் நடுங்குகிறான். இரண்டாவதில் மேக்விட்ச் சிறையில் சாகக் கிடக்கிறான். அவனுடைய மகள் (எஸ்டெல்லாதான் அவள்) உயிரோடு இருக்கிறாள், அவளைத் தான் நேசிக்கிறேன் என்று பிப் சொன்னதும் மேக்விட்ச் பிப்பின் கையை மறுபடி உதட்டுக்கு உயர்த்துகிறான். அதே செய்கை. ஆனால் இந்தத் தடவை டிக்கன்ஸ் ஒரு துணைவாக்கியம் சேர்க்கிறார்: பிப் இணங்கி உதவியிருக்காவிட்டால் அந்தக் கடைசி முயற்சிக்குச் சக்தியே இருந்திருக்காது. அதாவது முத்தம் வாங்குகிற கையைப் பிப்பே தூக்கிக் கொடுக்கிறான்.

கதையை வேகமாகப் படித்தால் இந்தத் துணைவாக்கியம் கண்ணிலேயே படாது. கைடிலும் இருக்காது. இதைக் கண்டுபிடித்த மாணவருக்கு எழுத விஷயம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, இதை எப்படித் தீசிஸ் ஸ்டேட்மென்ட், அதாவது கட்டுரையின் மைய வாதத்தைச் சொல்லும் வாக்கியம், ஆக்குவது? 'டிக்கன்ஸ் கைகளைக் குறியீடாகப் பயன்படுத்துகிறார்' என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள். அதனாலேயே அது வாதம் ஆகாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'பிப்புக்கு வெட்கத்தைக் கற்றுக்கொடுத்ததும் கைதான், அந்த வெட்கம் தீர்வதும் கையில்தான், எனவே நாவல் கனவான் தன்மையைப் படிப்பிலும் உடையிலும் வைக்காமல், யாரைத் தொட ஒருவன் சம்மதிக்கிறான் என்பதில் வைக்கிறது.' இதோடு ஒருவர் சண்டை போடலாம். அப்படியென்றால் நல்ல தீசிஸ்.

சண்டை போடுகிறவரை நீங்களே உள்ளே கூப்பிடுங்கள். மேக்விட்ச் இறந்துவிடுகிறான், அவன் சொத்து அரசுக்குப் போய்விடுகிறது. அப்புறம் பிப்புக்கு அந்த உறவால் என்ன சிரமம்? சௌகரியமான மனமாற்றம்தானே? இது நியாயமான கேள்வி. இன்னொன்றும் இருக்கிறது. பிப் கடைசியில் பிழைக்கப் போவது நண்பன் ஹெர்பர்ட் இருக்கும் கிளாரிக்கர் கம்பெனிக்கு, கீழை நாட்டு வியாபாரத்துக்கு. ஹெர்பர்ட்டுக்கு அங்கே இடம் வாங்கப் பிப் ரகசியமாகக் கட்டிய முதல் தொகை, தனக்கு வந்த ஐந்நூறு பவுண்டில் பாதி. அது மேக்விட்சின் பணம். மீதிக்கு மிஸ் ஹேவிஷாமிடமிருந்து தொள்ளாயிரம் பவுண்டு. விமர்சகர் எட்வர்ட் சைத் 1993-ல் வந்த தன் 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' நூலில், ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட மேக்விட்சையும் கீழை நாட்டு வணிகனாகும் பிப்பையும் சேர்த்துப் பேசுகிறார். விமர்சகரை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும்: உங்கள் வாதத்துக்கு முட்டுக்கொடுக்க அல்ல, அதை உரசிப் பார்க்க. சைத் சொல்வதை ஏற்றுக்கொண்டு, 'அப்படியிருந்தும் அந்தச் சிறைக் காட்சியில் நடப்பதைப் பணக்கணக்கு விளக்கிவிடாது' என்று நீங்கள் எழுதினால் கட்டுரை ஒரு படி மேலே போய்விடும்.

பத்திகளைக் கதை நடந்த வரிசையில் அடுக்காதீர்கள். வாதத்தின் வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் ஒரு கருத்தாக இருக்கட்டும். 'அடுத்து பிப் லண்டன் போகிறான்' என்று தொடங்கினால் அது கதை. மேற்கோள் சின்னதாக இருக்கட்டும், நாலைந்து சொல் போதும். மேற்கோளுக்குப் பிறகு வருகிற உங்கள் இரண்டு மூன்று வாக்கியம்தான் மதிப்பெண் வாங்கித் தரும். 'மனசில்லாமல்' என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துப் போட்டு, அது இல்லாவிட்டால் காட்சி எப்படி மாறும் என்று கேளுங்கள்.

'டிக்கன்ஸ் வெட்கப்படுகிறார்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். பேசுவது பிப். அதிலும் வயதான பிப், இளம் பிப்பைத் திரும்பிப் பார்த்துச் சொல்கிறான். அந்த இடைவெளியையே வைத்து ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். நாவலுக்குள் நடப்பதை ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் எழுதுவது மரபு. நாவல் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது என்பதற்கு மட்டும் இறந்தகாலம். அந்தத் தகவலையும் வேலைக்கு உதவினால் மட்டும் சேருங்கள். வாராவாரம் படித்தவர்களுக்கு ஒரு பாத்திரம் மறந்துபோகாமல் இருக்க, சோப்பு வாசனை போல ஓர் அடையாளம் உதவியிருக்கும் என்று நீங்கள் வாதிட்டால் தேதிக்கு வேலை இருக்கிறது. டிக்கன்ஸ் பிறந்த ஊருக்கு இங்கே வேலை இல்லை.

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாதத்தைத் தமிழிலேயே ரஃப் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரிடம் தமிழில் சண்டை போட்டுப் பாருங்கள். யோசனை தெளிவாகிவிட்டால் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களே போதும். பெரிய சொற்களை நான் எதிர்பார்க்கவில்லை. கைடிலிருந்து எடுத்த அலங்கார வாக்கியம் உங்கள் வாக்கியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். உங்கள் வாக்கியம் எளிமையாக இருந்தாலும் எனக்கு அதுதான் வேண்டும்.

'மேடம், எத்தனை பக்கம்?' என்ற கேள்விக்குத் துறை சொல்வதுதான் பதில். எம்.எல்.ஏ. முறை (இலக்கியக் கட்டுரைகளில் மேற்கோளுக்கு மூலம் காட்டும் ஒரு முறை) கேட்டிருந்தால் மேற்கோளுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயர், பக்க எண். நடுவில் காற்புள்ளி கிடையாது. குட்டன்பெர்க் பிரதிக்குப் பக்க எண் இல்லாததால் அத்தியாய எண் கொடுங்கள். நாவல் பெயர் சாய்வெழுத்தில் வர வேண்டும். கையால் எழுதினால் அடிக்கோடு.

முடிவுரையில் தீசிஸைத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று காட்டுங்கள். இந்த நாவலுக்கு டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவு வேறு. நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டன் சொன்னதால் மாற்றினார். பல பதிப்புகளில் பழைய முடிவு பின்னிணைப்பாக இருக்கும். பழையதில் எஸ்டெல்லா வண்டியிலிருந்து பிப்பை அழைத்துக் கைகுலுக்கிப் பிரிகிறாள். புதியதில் பிப் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாழடைந்த தோட்டத்தை விட்டு வெளியேறுகிறான். இரண்டிலும் கை இருக்கிறது. எந்தக் கை உங்கள் வாதத்துக்குப் பொருந்துகிறது, எது இடறுகிறது என்று கடைசிப் பத்தியில் எழுதுங்கள்.