நம்ம ஏரியா பசங்களுக்கு சயின்ஸ் சொல்லிக்கொடுக்க வர்றீங்களா, இதெல்லாம் பண்ணாதீங்க

வடசென்னையில காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் பக்கம் பசங்களுக்கு சயின்ஸ், ரோபோட்டிக்ஸ்னு சொல்லிக்கொடுக்க நிறைய பேர் ஆசையா வர்றாங்க, நல்ல மனசோடதான் வர்றாங்க, ஆனா சில தப்புங்க திரும்பத் திரும்ப நடக்குது.

பெரிய தப்பு, கொண்டுவந்த சாமான சாயங்காலமே வாரி எடுத்துட்டு போறது. ஆர்டுயினோ போர்டு (நாம சொல்ற மாதிரி லைட், மோட்டார்லாம் இயக்கற குட்டி கம்ப்யூட்டர்), சென்சார், எல்இடின்னு டேபிள் முழுக்க பரப்பி வெப்பாங்க, பையன் அப்பதான் ஒரு லைட்ட விட்டுவிட்டு எரிய வெச்சிருப்பான், உடனே குரூப் போட்டோ, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி பொட்டில போட்டு வண்டி ஏத்திடுவாங்க. மறுநாள் அவனுக்கு இன்னொரு லைட் சேத்தா என்ன ஆகும்னு தோணினா கைல என்ன இருக்கு? நூறு பேருக்கு ஒருநாள் கூத்து வேணாம், பத்து பேருக்கு வாராவாரம் வாங்க, சாமான தெரு டியூஷன் சென்டர்லயே விட்டுட்டு போங்க, ஒயர் அறுந்தா அறுந்துட்டு போகட்டும், அறுந்தத ஒட்டவெக்கறதும் படிப்புதான்.

இன்னொண்ணு, இதுங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சு ஆரம்பிக்கறது. காசிமேட்டுல கடலுக்கு போற எத்தனையோ அப்பாங்க ஜிபிஎஸ், கடல் ஆழம் பாக்கற எக்கோ சவுண்டர் வெச்சு தொழில் பண்றவங்க. அந்த எக்கோ சவுண்டர்லேர்ந்து சத்தம் கீழ போய் தரையில பட்டு திரும்பி வருது, கடல் தண்ணில சத்தம் செகண்டுக்கு சுமாரா 1,500 மீட்டர் போகும், அப்போ போய்ட்டு வர 0.1 செகண்ட் ஆச்சுன்னா ஆழம் எவ்ளோன்னு கேளுங்க. முதல்ல எல்லாரும் 150ம்பாங்க, கொஞ்ச நேரம் விடுங்க, போறதுக்கும் வர்றதுக்கும் சேத்துதானே, அப்போ பாதி, 75ன்னு எவளாவது ஒருத்தி கண்டுபிடிச்சிருவா. நீங்களா அவசரப்பட்டு விடைய சொல்லிடாதீங்க, ப்ளீஸ். அதே மாதிரி மீன் பொட்டிக்கு போடற ஐஸ் கொஞ்சம் வாங்கி நொறுக்கி, கல்லுப்பு கலந்து தெர்மாமீட்டர் விட்டு பாக்க சொல்லுங்க, 0 டிகிரிக்கும் கீழ இறங்கும். ஏன்னு அவங்களே கேப்பாங்க.

எண்ணூர் பசங்க அனல் மின் நிலைய சாம்பல பத்தி கேட்டா, 2023 டிசம்பர்ல வெள்ளத்தோட ஆத்துல வந்த எண்ணெய பத்தி கேட்டா, அது அரசியல்னு நழுவாதீங்க. எண்ணெய் ஏன் தண்ணி மேல மிதக்குது, நண்டு இறாலுக்கு என்ன ஆகுதுன்னு பேசுங்க, அவங்க வீட்டு சோறு அதுல இருக்கு.

ஸ்லைடு பூரா இங்கிலீஷ் வேணாம். சர்க்யூட், வோல்டேஜ்லாம் அப்படியே இருக்கட்டும், விளக்கம் தமிழ்ல இருக்கணும்.

பொம்பள புள்ளைங்க வரலன்னா ஆர்வம் இல்லன்னு முடிவு பண்ணிடறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது. தண்ணி புடிக்கணும், தம்பி தங்கச்சிய பாத்துக்கணும், ஏழு மணிக்கு மேல தனியா அனுப்ப மாட்டாங்க. தம்பியையும் கூட்டிட்டு வான்னு சொல்லுங்க, ஓரமா ஒரு பாய் போடுங்க, கிளாஸ் நேரத்த அவங்க அம்மாங்கள கேட்டுட்டு வையுங்க.