நியூ ஹாம்ப்ஷயர் மலையுச்சியில் நினைவுக் கொடி ஏற்றுவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து நான்கு நாள் கழித்து, சில மலையேறிகள் நியூ ஹாம்ப்ஷயரின் லிபர்ட்டி மலையுச்சிக்கு (4,459 அடி) ஓர் அமெரிக்கக் கொடியைச் சுமந்துபோய் ஏற்றினார்கள். அடுத்த ஆண்டு அது அந்த மாநிலத்தின் 4,000 அடி சிகரங்கள் 48-க்கும் பரவியது. 'ஃபிளாக்ஸ் ஆன் தி 48' என்ற பெயரில் இன்றும் தொடர்கிறது. செப்டம்பர் 11-ஐ ஒட்டி வரும் ஒரு சனிக்கிழமை, நண்பகல் 12 முதல் 2 மணி வரை, 48 உச்சிகளிலும் ஒரே நேரத்தில் கொடி பறக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

சொல்லும்போது எளிது: ஒரு கம்பம், ஒரு கொடி, ஓர் உச்சி. ஆனால் உச்சியில் குழி தோண்டக் கூடாது, பாறையில் துளை போடக் கூடாது, அங்குள்ள குட்டை மரங்களில் கயிறு கட்டக் கூடாது. பிறகு கம்பம் எதைப் பிடித்து நிற்கும்? இதற்குப் பதில் தெரியாமல் ஏறுகிற குழு, இரண்டு மணி நேரமும் கம்பத்தை ஆள் மாற்றி ஆள் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்.

1. சிகரமும் குழுவும்

ஒவ்வொரு சிகரத்துக்கும் ஒரு குழு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளும். பேர்பெற்ற உச்சிகள் சீக்கிரம் போய்விடும், அதனால் கோடையிலேயே பார்த்துவையுங்கள். முதல் முறை போகிறவர்களுக்குப் பியர்ஸ் மலை நல்லது. 1819-இல் வெட்டப்பட்ட கிராஃபோர்ட் பாதை வழியாக ஒரு பக்கம் 3.1 மைல், ஏற்றம் சுமார் 2,400 அடி. ஜாக்சன், டெகம்சே இரண்டும் இதே அளவு சிரமம்தான். ஆவுல்ஸ் ஹெட் வேண்டாம். போய்வர 18 மைல், நடுவே ஓடைகளை இறங்கிக் கடக்க வேண்டும், அத்தனை தூரம் போனால் உச்சியில் மரம் மூடியிருக்கும்.

ஆறு பேர் போதும். பெமிகெவாசெட் வனப்பகுதிக்குள் இருக்கும் சிகரங்கள் (ஆவுல்ஸ் ஹெட், பாண்ட், பாண்ட்கிளிஃப் போன்றவை) என்றால் ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் இருக்க அனுமதி இல்லை.

நேரக் கணக்குக்கு அந்த ஊர் மலையேறிகள் வைத்திருக்கும் சூத்திரம் இது: மைலுக்கு 30 நிமிடம், அதோடு ஒவ்வோர் 1,000 அடி ஏற்றத்துக்கும் 30 நிமிடம். லிபர்ட்டிக்கு 4 மைல், சுமார் 3,250 அடி. ஆக மூன்றே முக்கால் மணி நேரம். கம்பத்தைச் சுமப்பதற்கு முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். 11 மணிக்கு உச்சியில் இருக்க வேண்டும், ஏனென்றால் நிறுத்துவதற்கே முக்கால் மணி பிடிக்கும். அப்படியானால் காலை ஆறரைக்குள் நடக்கத் தொடங்கியாக வேண்டும். லிபர்ட்டி இருக்கும் ஃபிராங்கோனியா பக்கம் வண்டி நிறுத்தும் இடங்கள் செப்டம்பர் சனிக்கிழமைகளில் விடிந்த கொஞ்ச நேரத்திலேயே நிரம்பிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

2. கொடி

3-க்கு 5 அடி நைலான் கொடி வாங்குங்கள். லேசானது, மெல்லிய காற்றிலும் விரியும், நனைந்தாலும் சீக்கிரம் காயும். பாலியஸ்டர் கனம், ஆனால் எளிதில் கிழியாது. காற்று ஓயாத திறந்த முகடுகளுக்கு அதுவே சரி. பருத்தியைத் தொடவே வேண்டாம், மேகம் மூடினால் தண்ணீரைக் குடித்துத் தொங்கிவிடும்.

5-க்கு 8 அடி கொடிதான் தூரத்திலிருந்து தெரியும் என்று ஆசை வரும். அதன் பரப்பு 40 சதுர அடி, சின்னக் கொடியுடையது 15. காற்றின் இழுப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. கம்பம்

வீட்டுக் குழாய்க்கு வாங்கும் பிவிசி மலிவு, அதனால் எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள். பிவிசியின் விறைப்பு அலுமினியத்தின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. உச்சிக் காற்றில் வில்லாக வளையும், கொடியின் நுனி பாறையைத் தொடும். பிவிசி வேண்டாம்.

வாங்க வேண்டியவை: 32 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிப்புள்ள அலுமினியக் குழாய், 90 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டு. சேர்த்தால் 3.6 மீட்டர், எடை சுமார் 1.8 கிலோ. பையின் பக்கவாட்டில் செருகிக் கட்டினால் கிளைகளில் மாட்டாது.

இணைப்புக்கு, குழாயின் உள்ளே இறுக்கமாக நுழையும் இன்னொரு குழாயை 30 செ.மீ. துண்டுகளாக மூன்று வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 15 செ.மீ. இந்தப் பக்கம், 15 செ.மீ. அந்தப் பக்கம். இதைக் குறைத்தால் மூட்டு ஆடும், ஆடுகிற மூட்டு முதலில் நசுங்கும், பிறகு மடங்கும். உள்துண்டின் ஒரு பாதியை நிரந்தரமாக ரிவெட் அடித்துவிடுங்கள். மறுபாதிக்குத் துளையிட்டு 6 மி.மீ. போல்ட், விங் நட்டு. கையுறை போட்ட விரலால் திருக முடியவேண்டும், அதனால் சாதாரண நட்டு உதவாது. உதிரியாக இரண்டு நட்டு கொண்டுபோங்கள், பாறை இடுக்கில் விழுந்தது திரும்பி வராது.

மேல் நுனியில் ஒரு போல்ட், அதிலிருந்து 91 செ.மீ. கீழே இன்னொன்று. கொடியின் இரண்டு பித்தளைக் கண்களிலும் சுழல் கொக்கி மாட்டி இந்தப் போல்ட்டுகளில் தொங்கவிடலாம். வாங்கிய கொடியை அளந்துவிட்டுத் துளை போடுங்கள், கண்களுக்கிடையிலான தூரம் கொடிக்குக் கொடி மாறும்.

4. இழுகயிறு

கம்பத்தை மூன்று பக்கமும் இழுத்துப் பிடித்து நிறுத்தும் கயிறுகள் இவை. மொத்த வேலையின் உயிர்நாடி இதுதான்.

கயிறு 4 மி.மீ. பாலியஸ்டர். நைலான் கயிறு நனைந்தால் நீளும், கட்டிய அரை மணியில் கம்பம் சாயத் தொடங்கும். 6 மீட்டர் துண்டுகள் மூன்று, உதிரி ஒன்று. மூன்றையும் கம்பத்தில் ஒரே இடத்தில், தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும். அந்த உயரம் கொடியின் கீழ் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரும். புதியவர்கள் கயிற்றை உச்சியிலேயே கட்டுவார்கள், கேட்டால் அதுதான் உறுதி என்பார்கள். காற்று திசை மாறிய மறுநிமிடம் கொடி கயிற்றில் சுற்றிக்கொள்ளும், அப்புறம் கம்பத்தையே சாய்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

தரையில் மூன்று முனைகளும் கம்பத்திலிருந்து 2.4 மீட்டர் தள்ளி, ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில். கயிறு 45 பாகையில் சாயும். இந்தக் கணக்கில், காற்றடிக்கும் பக்கத்துக் கயிற்றின் மீது விழும் இழுவிசை கொடியின் இழுப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கயிற்றைப் பிடிக்கும் கல், மேலே தூக்கப்படுவதையும் பக்கவாட்டில் நழுவுவதையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்பதால், அதன் எடை கொடி இழுப்பின் நான்கு மடங்காவது வேண்டும். பலத்த காற்றில் சின்னக் கொடி ஐந்து கிலோ இழுத்தால் கல் 20 கிலோ. உங்கள் முதுகுப்பை எட்டு கிலோ தேறினால் அதிகம். 'பையில் கட்டிவிடலாம்' என்ற யோசனை எடுபடாமல் போவது இதனால்தான்.

முடிந்தவரை அசையாத பெரும்பாறையைச் சுற்றித் துணிப்பட்டை போட்டு அதில் கயிற்றைக் கட்டுங்கள். வெறுங்கயிறு கூரான கருங்கல் விளிம்பில் உரசி அறுந்துபோகும். வசதியான பாறை இல்லையா? காலி சாக்குப்பை மூன்று கொண்டுபோங்கள். வெற்றுப் பாறைமேல் உதிரியாய்க் கிடக்கும் கற்களை மட்டும் நிரப்பி, முடிந்ததும் எடுத்த இடத்திலேயே போடுங்கள். வழிகாட்டிக் கற்குவியலில் இருந்து ஒரு கல்லும் எடுக்கக் கூடாது, மேகம் மூடினால் பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் வழி.

5. வீட்டில் ஒரு முறை

வண்டி நிறுத்தும் இடம் போல மண் இல்லாத கெட்டித் தரையில், கையுறையோடு, முழுதாக ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். புல்வெளியில் முளை அடித்து ஒத்திகை பார்ப்பது உதவாது, உச்சியில் முளை இல்லை. கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் தோதான நழுவு முடிச்சு ஒன்றைக் குறைந்தது மூன்று பேர் பழகியிருக்க வேண்டும்.

6. உச்சியில்

மரங்கள் நின்றுபோகும் எல்லையைத் தாண்டியதும் பாதையிலும் வெற்றுப் பாறையிலும் மட்டும் கால் வையுங்கள். ஃபிராங்கோனியா முகட்டில் 'ராபின்ஸ் சின்க்ஃபாயில்' என்ற கட்டைவிரல் அளவுச் செடி வளர்கிறது. உலகில் நியூ ஹாம்ப்ஷயரின் இந்த வொயிட் மலைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது, 2002 வரை அழிந்துவரும் இனப் பட்டியலில் இருந்தது. கொடிக்கு இடம் தேடிப் பரபரக்கும்போதுதான் இவை மிதிபடும்.

முதலில் காற்றின் திசையைப் பாருங்கள். மூன்று கயிற்றில் ஒன்று நேராகக் காற்று வரும் பக்கம் இருக்கட்டும். கம்பத்தைப் படுக்கவைத்துத் துண்டுகளை இணைத்து, கயிறுகளைக் கட்டி, கொடியைச் சுருட்டிய நிலையிலேயே மாட்டுங்கள். ஒருவர் அடியை மிதித்துக்கொள்ள, இருவர் நிமிர்த்த, மூவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும். காற்றுப் பக்கக் கயிறு முதலில், மற்ற இரண்டும் அப்புறம். அடி நழுவாமல் இருக்க ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் கிழித்து மாட்டிவிடுங்கள், அல்லது இடுக்குப் பார்த்து வையுங்கள். சரியாக 12-க்குக் கொடியை அவிழ்த்துவிடுங்கள்.

மரம் மூடிய உச்சிகளில் சிக்கல் தலைகீழ். காற்றே இருக்காது, கொடி துவண்டு கிடக்கும். மேல் விளிம்பில் மெல்லிய குச்சி செருகி விரிப்பார்கள் சிலர். பார்க்கச் செயற்கையாக இருக்கும், துவண்டாலும் பரவாயில்லை என்று விடுவதே மேல்.

ஏறும்போது வியர்த்த உடம்பு உச்சியில் இரண்டு மணி நேரம் சும்மா நிற்கப் போகிறது. மற்ற மலையேற்றத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. மாற்றுப் பனியன், காற்றுத் தடுப்பு மேலங்கி, கனமான ஜாக்கெட், குல்லாய், கையுறை ஆளுக்கு ஒன்று கட்டாயம். ஜீன்ஸ் போட்டு வருகிறவரைக் கீழேயே திருப்பி அனுப்புங்கள்.

7. கொடிக்கான முறைகள்

அமெரிக்கக் கொடி விதித்தொகுப்பு மீறினால் தண்டனை தரும் சட்டமாகச் செயல்படுவதில்லை, ஆனாலும் பார்க்கிறவர்கள் கவனிப்பார்கள். கொடி தரையைத் தொடக் கூடாது. விறுவிறுவென ஏற்றி, நிதானமாக இறக்க வேண்டும். கொடியின்மேல் எழுத்தோ குறியோ கூடாது, ஆகவே இறந்தவர்களின் பெயரை அதில் எழுத நினைக்காதீர்கள். தனித் தாளில் எழுதிக்கொண்டுபோய் வாசிக்கலாம். தீயணைப்புத் துறைக் கொடி போல வேறொன்றும் ஏற்றுவதானால், அது தேசியக் கொடிக்கு மேலே இருக்கக் கூடாது.

செப்டம்பர் 11 அன்று அரைக்கம்பம் வழக்கம். சனிக்கிழமை அதே தேதியில் விழுந்தால் ஒரு கப்பியும் ஏற்றுகயிறும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடியை நுனிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பாதிக்கு இறக்க வேண்டும். முழுதாக இறக்கும் முன் மறுபடி நுனிக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு இழுகயிறு கட்டும் இடத்தை 1.2 மீட்டருக்குக் கீழிறக்குங்கள், இல்லாவிட்டால் கொடி அதில் சிக்கும்.

8. எப்போது கைவிடுவது

இடி காதில் விழுந்தால் பேச்சே இல்லை. நீங்கள் வெட்டவெளி உச்சியில் உலோகக் கம்பம் நட்டு வைத்திருக்கிறீர்கள். கொடியைச் சுருட்டி, கம்பத்தைச் சாய்த்துப் போட்டுவிட்டு மரங்களுக்குக் கீழே இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஆகும்வரை மேலே வராதீர்கள்.

காற்று மணிக்கு 40 மைலைத் தாண்டினால் நடப்பதே தடுமாறும், அப்போது கம்பம் வேண்டாம். இருவர் இரு முனையைப் பிடித்து நெஞ்சுக்கு நேராகக் கொடியை விரித்து நிற்கலாம். முதல் நாள் இரவே மவுண்ட் வாஷிங்டன் வானிலை ஆய்வகம் வெளியிடும் உயர்சிகர முன்னறிவிப்பைப் பாருங்கள். அடிவார ஊரின் வானிலையை நம்பி ஏறினால் ஏமாற்றம்தான்.

9. இறக்குதல், மடித்தல், பராமரித்தல்

2 மணிக்கு இறக்கியதும் இருவர் இடுப்புயரத்தில் பிடித்து, கீழ்ப்பாதியை நட்சத்திரப் பகுதியின்மேல் வருமாறு நீளவாக்கில் மடியுங்கள். இன்னொரு முறை நீளவாக்கில் மடித்து, நீலம் வெளியே இருக்கும்படி செய்யுங்கள். பிறகு கோடுள்ள முனையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக. கடைசியில் நீலம் மட்டும் தெரியும், மிச்ச நுனியை உள்ளே செருகிவிடலாம். 13 மடிப்பு வர வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சவப்பெட்டிமேல் போர்த்தும் 5-க்கு 9½ அடிக் கொடிக்குத்தான் அந்த எண்ணிக்கை பொருந்தும், 3-க்கு 5-இல் கொஞ்சம் குறைந்தால் குழம்ப வேண்டாம்.

ஈரமாக மடித்திருந்தால் வீட்டுக்கு வந்த அன்றே விரித்துக் காயப்போடுங்கள். காற்றில் முதலில் பிரிவது கம்பத்துக்கு எதிர்ப்பக்க ஓரம். நூல் பிரிந்த அளவுக்கு வெட்டி மடித்து நான்கு வரிசை தையல் போட்டால் அடுத்த ஆண்டுக்கும் வரும். தைக்க முடியாத அளவு கிழிந்ததை 'அமெரிக்கன் லீஜியன்' என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் கிளைகளில் கொடுத்தால் முறைப்படி எரித்து அகற்றுவார்கள்.