செஞ்சிக் கோட்டைக்குப் போய், பிள்ளைகளை எழுத வைப்பது எப்படி?

முதல் தடவை செஞ்சிக்குப் போய்வந்ததும், எட்டு வயது மகளிடம் "கோட்டையைப் பற்றி ஒரு கட்டுரை எழுது" என்றேன். "கோட்டை மிகவும் அழகாக இருந்தது. நான் மகிழ்ச்சி அடைந்தேன்." அவ்வளவுதான், எழுந்து போய்விட்டாள். தப்பு அவள்மேல் இல்லை, மூன்று மலைக் கோட்டையை ஒரு பக்கத்தில் அடக்கச் சொன்ன என்மேல்தான். அடுத்த முறை இப்படிச் செய்தோம்.

1. கிளம்பும் முன்

மதில், அகழி, கொத்தளம், களஞ்சியம், லாயம். ஐந்து சொல்லையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். அர்த்தம் சொல்ல வேண்டாம், அங்கே போய்த் தேடட்டும். அகழி ஏதோ ஒரு விலங்கு என்றுதான் இவள் நினைத்திருந்தாள்!

2. ஒரே இடம்

மூன்று மலைகளில் ஒன்றான ராஜகிரி ஏறி இறங்கினால் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதத் தெம்பு இருக்காது. கல்யாண மகால், களஞ்சியம், லாயம் எல்லாம் அடிவாரத்திலேயே இருக்கின்றன. பிடித்த ஒன்றில் அரைமணி நேரம் உட்காருங்கள்.

3. முதலில் பேச்சு

இதில் அவசரமே கூடாது. களஞ்சியத்துக்குள் நின்று "அம்மா" என்று கத்தினாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "பெருசா இருந்துச்சு." எவ்வளவு பெருசு? கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் சத்தம் என்னை விட்டுட்டு உள்ளே போயி, சுத்திப் பாத்துட்டு வந்துச்சு" என்றாள். அதை அப்படியே போனில் பதிவு செய்துகொண்டேன். எழுத்துத் தமிழுக்கு மாற்றும் வேலை அங்கே வேண்டாம்.

4. உழிஞையும் நொச்சியும்

பழந்தமிழ்ப் போர் மரபில் கோட்டையை வளைப்பவன் சூடுவது உழிஞைப் பூ, காப்பவன் சூடுவது நொச்சி. 1690-இல் முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-இல்தான். இதைக் கதையாகச் சொல்லிவிட்டு, ஒரு பிள்ளையை உள்ளேயும் இன்னொன்றை வெளியேயும் நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு கடிதம், ஐந்து வரி போதும். அண்ணன் உழிஞை, இவள் நொச்சி.

5. திருத்தம்

மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரே ஒரு வகைப் பிழை மட்டும். நாங்கள் ள, ழ மட்டும் பார்த்தோம். அப்புறம், கோட்டையில் தின்பண்டத்தைப் பையைவிட்டு வெளியே எடுக்காதீர்கள், குரங்குகள் நோட்டையும் சேர்த்துத் தூக்கிவிடும்.

அவள் கடிதம்: "அம்மா, நெல் இருக்கு. தண்ணி இருக்கு. உப்பு தீந்துபோச்சு. வெளியே அண்ணன் நிக்கிறான், அவன்கிட்ட கேக்க மாட்டேன்."