கை நோகுதெண்டா நிப்பாட்டுங்க: பியானோ பழகுறவங்க விடுற பிழைகள்

மட்டக்களப்பில கடலோரமா இருக்கிற கல்லடியில என்னட்ட பியானோ பழக வாற பிள்ளைகள்ள மூணு பேர் இந்த வருஷம் கை நோக நோக வாசிக்கிற ஒரே பிழையத்தான் செய்றாங்க, நான் பதினேழு வயசில செஞ்ச அதே பிழை, பாத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாமத்தான் இத எழுதுறன். நகம் வெட்டுங்க, ஒவ்வொரு நாளும் பழகுங்க எண்டதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விடுவம்.

நோவோட வாசிக்கிறது

எங்கட பக்கம் கனபேர் தொடங்குறது 61 கட்டை கீபோட்ல. விரல் பட்டாலே சத்தம் வரும். உண்மையான பியானோவில 88 கட்டை, ஒரு கட்டைய அமத்தவே கிட்டத்தட்ட 50 கிராம் பாரம் வேணும். அந்தப் பாரத்த தோள்ல இருந்து கைவழியா இறக்கோணும், கீபோட்ல பழகின பிள்ளை மணிக்கட்ட இறுக்கிக்கொண்டு விரலால குத்தும்.

நானும் அப்பிடித்தான் குத்தினன். கிரேட் எட்டு எண்ட பியானோ எக்ஸாமுக்கு ரெண்டு மாசம் இருக்கக்குள்ள ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம், வலது மணிக்கட்டு நொந்திச்சு, எண்ணெய் பூசிப்போட்டு திரும்ப வாசிச்சன், ஏனெண்டா எனக்குப் படிப்பிச்சவர் "நொந்தாத்தான் மனே பலம் வரும்" எண்டார். கடைசில தேத்தண்ணிக் கோப்பை தூக்க ஏலாமப் போச்சு. எக்ஸாமும் போச்சு, அஞ்சு மாசம் பியானோவத் தொடல்ல. அந்த வசனத்த இண்டைக்கும் ஆராவது ஒரு பிள்ளைக்குச் சொல்லக் கேட்டா எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

லியோன் ஃப்ளைஷர் எண்ட அமெரிக்கப் பியானோக் கலைஞர் 1952ல பிரசெல்ஸ் குயீன் எலிசபெத் போட்டியில முதலாம் இடம் எடுத்தவர். 1960களின் நடுவில அவர்ட வலது கையில நாலாம் அஞ்சாம் விரல் தானா மடங்கத் தொடங்கிச்சு. மூளை விரலுக்குக் குடுக்கிற கட்டளை குழம்புற நோய் அது, அளவுக்கு மிஞ்சிப் பழகினதுதான் காரணமெண்டு அவரே நம்பினார். பிறகு கன வருஷம் இடது கைக்கு மட்டும் எழுதின இசையத்தான் மேடையில வாசிச்சார்.

களைப்பு வேற, நோவு வேற. களைப்பு கொஞ்சம் ஆறினாப் போயிரும். விடிய எழும்பியும் நோகுதெண்டா பியானோவ மூடிப்போட்டு டொக்டரிட்ட போங்க. சுகமா இருக்கிற நாள்லயும் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடங்க.

எப்பவும் முதல் பக்கத்தில இருந்தே தொடங்குறது

பிழை விட்டா திரும்ப முதல்ல இருந்து வாசிக்காதீங்க, பிழைக்கிற ரெண்டு பார் (இசைத்தாள்ல ரெண்டு நேர்கோட்டுக்கு இடையில வாற துண்டு) மட்டும் எடுத்துப் பழகுங்க.

விரல மட்டும் நம்பி மனப்பாடம் பண்றது

மேடையில ஒரு இடம் தட்டுப்பட்டா விரலுக்கு வழி தெரியாது. நடுவில ஒரு இடத்தில இருந்து, இடது கையால மட்டும் வாசிச்சுப் பாருங்க, பாடமா இல்லையா எண்டு உடனே விளங்கும்.

பியானோவ யன்னலோரம் வைக்கிறது

கடல் காத்தில கம்பி துருப்பிடிக்கும். உள் சுவரோட வைங்க.