வெயில் ஏறினால் இடப்பக்கம் சாயும் நாலுகால் ரோபோ: என் அனுபவம்

மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டில் சொன்ன கோணத்துக்குத் திரும்பும் 12 சர்வோ மோட்டார், சாய்வை அறிய ஒரு எம்பியு 6050 சென்சார் சிப் (கைரோவும் முடுக்கமானியும் சேர்ந்தது) வைத்து நாலுகால் ரோபோ செய்திருக்கிறேன். கூடத்தில் ஒழுங்காக நடக்கும். நெல் களத்தில் விட்டால் இடப்பக்கம் சாய்ந்து விழும்.

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், களம் மட்டம்தான். இடது, வலது சர்வோக்களை மாற்றிப் பூட்டினேன். பேட்டரியும் புதுசு. சாய்வு போகவில்லை.

நடையை மாற்றியபோது துப்பு கிடைத்தது. ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கும் மெது நடையில் 3 பாதம் எப்போதும் தரையில் இருக்கும். எடை அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை விழாது. அதில் சாய்ந்தபடியே நடந்தது. குறுக்காக இரண்டிரண்டு கால் தூக்கும் வேக நடையில்தான் விழுந்தது. அங்கே அடுத்த அடி எங்கே என்பதைச் சாய்வுக் கணக்கு முடிவு செய்கிறது. ஆக, கோளாறு கணக்கில்.

அப்புறம்தான் கவனித்தேன், காலையில் களத்திலும் விழவில்லை! கைரோ திரும்பும் வேகத்தை அளப்பது. அசையாதபோது அது காட்டும் அளவைத்தான் பூஜ்ஜியமாக வைத்துக்கொள்கிறோம். அந்தப் பூஜ்ஜியம் சூட்டோடு நகரும். ஃபேனடியில் எடுத்த பூஜ்ஜியம் வெயிலில் செல்லாது. அசையாமல் கிடக்கும்போதே நொடிக்கு ஒரு டிகிரி திரும்புவதாகக் காட்டியது. புவியீர்ப்பை வைத்துச் சாய்வைச் சொல்லும் முடுக்கமானியைக் காலடி அதிர்வு குழப்பும் என்று, இரண்டின் அளவையும் கலந்து சாய்வைக் கணக்கிடும் ஃபில்டரில் கைரோவையே அதிகம் நம்பச் சொல்லியிருந்தேன். அதனால் பிழை சாய்வாகச் சேர்ந்துவிட்டது.

களத்தில் சற்று நேரம் சூடேறவிட்டு, நிற்கும் நிலையில் பூஜ்ஜியம் எடுத்ததும் சரியாகிவிட்டது. அப்பாடா! சிப்புக்குள்ளேயே வெப்ப அளவி இருக்கிறது. சூடு சில டிகிரி மாறினால் நின்று மறுபடி பூஜ்ஜியம் எடுக்கும்படி நிரலில் சேர்த்துவிட்டேன். காயப்போட்ட நெல்மேல் மட்டும் இன்னும் விடவில்லை. பாதம் புதைகிறது, அது தனி வேலை.