பரிசுத் திட்டமும் புதுக் கட்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிக்கலைத் தீர்ப்பவருக்கு அரசு பரிசு தரவேண்டும் என்பதையே தலையாய கொள்கையாக வைத்து ஒரு புதுக் கட்சி தொடங்கலாம் என்று கோத்தகிரி நண்பர்கள் சிலர் பேசி வருகிறார்கள். முதுமலைக் காட்டை அடைத்து நிற்கும் களையான உண்ணிச்செடியை (லன்டானா) ஒழிப்பவருக்குப் பரிசு என்பது அவர்களின் முதல் வாக்குறுதி. எண்ணம் நல்லதுதான், ஆனால் வெட்டிய செடிக்கு எடை பார்த்துப் பணம் என்று எழுதியிருப்பது பெரும் தவறு. அடியோடு வெட்டிய உண்ணிக்கட்டையை ஒரு மழைக்குப் பின் போய்ப் பார்த்தால், அதைச் சுற்றிலும் புதுத் தளிர்கள் விறைத்து நிற்பது தெரியும். எடைக்குப் பணம் என்றால், வேரை விட்டுவைப்பவருக்கே ஆண்டுதோறும் வருமானம். 1902இல் ஹனோய் நகரில் எலிவாலுக்குக் காசு கொடுத்த பிரெஞ்சு ஆட்சிக்கு, வாலறுந்த எலிகள் தெருவில் ஓடியதுதான் மிச்சம். குறித்த நிலத்தில், மூன்று மழைக்காலம் கழிந்தும் உண்ணி தலைகாட்டாமல் புல் நிற்கவேண்டும் என்பதே நிபந்தனையாக இருக்கவேண்டும். (புலிகள் காப்பகத்துக்குள் அரிவாளோடு நுழைய வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் யாரோ நினைவூட்டியாக வேண்டும்.)

நிபந்தனையைப் பாதியில் மாற்றுவது அடுத்த தவறு. கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கும் வழிக்கு 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் அதற்கென்றே செய்த கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலிலேயே தன் திறனைக் காட்டிய பிறகும், நடுவர் குழு புதுப்புதுச் சோதனைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தது; நாடாளுமன்றம் தலையிட்டு 1773இல் மேலும் 8,750 பவுண்டு வழங்கியபோது அவருக்கு வயது 80. நடுவர் யார், எதை அளப்பார் என்பவை அறிவிப்பிலேயே இருக்கவேண்டும்.

வென்ற பிறகே பணம் என்றால், கைமுதல் இல்லாத சிறு தேயிலை விவசாயி போட்டிக்கே வரமாட்டார். முதற்கட்டம் தேறியவருக்கு முன்பணம் தேவை.

கட்சி தொடங்குவதில் வேலை குறைவு: தொடங்கிய 30 நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பம், வாக்காளர்களாக உள்ள 100 உறுப்பினர்கள், கட்டணம் 10,000 ரூபாய். ஆனால் பதிவு வேறு, தேர்தலில் போதிய வாக்கோ இடங்களோ பெற்ற பிறகு கிடைக்கும் அங்கீகாரம் வேறு. நிலையான சின்னம் அங்கீகாரத்தோடுதான் வரும்.

கொள்கையை விளக்கும் ஆர்வத்தில், தேர்தல் நேரத்தில் 'சிறந்த யோசனைக்கு 5,000 ரூபாய்' என்று வேட்பாளரே வீடுவீடாகப் பரிசு கொடுத்துவிடக் கூடாது. அரசு செய்யும் என்று அறிக்கையில் சொல்வது வாக்குறுதி; வாக்கைக் கருதி வேட்பாளர் கையால் தருவது, 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி லஞ்சம்.