குக்கீ முழுவதையும் அழிக்கத் தேவையில்லை

நிலாவெளியில் தங்குவதற்கு அறை இருக்கிறதா என்று மச்சாள் தன் போனில் ஒரே ஒரு தடவைதான் தேடினாள். மறுநாள் சமையல் குறிப்பைத் திறந்தாலும் செய்தியைத் திறந்தாலும் ஓரத்தில் அதே ஹோட்டல், அதே நீலக் கட்டில் விரிப்பு. "நான் கதைக்கிறதைப் போன் கேட்குதோ?" என்று பயந்துவிட்டாள்.

பெரும்பாலும் இது குக்கீயின் வேலை. நாம் போகும் தளம் நம் பிரவுசரில் எழுதிவைக்கும் சின்னக் குறிப்புத்தான் குக்கீ. 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் பொறியாளர் லூ மொன்டுல்லி உருவாக்கியது. தளத்தின் சொந்தக் குக்கீ நமக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் பாஸ்வேர்ட் கேட்கும். தொல்லை மூன்றாம் தரப்புக் குக்கீயால்தான், அதாவது நாம் திறந்த தளம் அல்லாமல் வேறொருவர் வைக்கும் குக்கீயால். ஒரே விளம்பர நிறுவனம் பல தளங்களுக்குள் இருந்துகொண்டு, நம்மை அடையாளம் கண்டு பின்தொடர்கிறது.

ஆண்ட்ராய்ட் போனில் குரோமைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், தேர்ட் பார்ட்டி குக்கீஸ் என்று போய் 'பிளாக்' கொடுங்கள். மச்சாளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐபோன் சஃபாரியில் 2020 முதல் இது தானாகவே தடுக்கப்படுகிறது. அப்புறம், தளம் குக்கீக்கு அனுமதி கேட்கும்போது 'எல்லாம் ஏற்கிறேன்' என்ற பெரிய பொத்தானை அவசரத்தில் அழுத்தாதீர்கள். பல தளங்களில் பக்கத்திலேயே மங்கலாக 'நிராகரி' இருக்கும்.

பிள்ளைகள் பரீட்சை விண்ணப்பம் நிரப்ப டவுனில் நெட் கஃபேக்குப் போனால் பிரவுசரின் இன்கொக்னிட்டோ ஜன்னலில், அதாவது பார்த்ததைச் சேமித்துவைக்காத தனி ஜன்னலில், செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடினால்தான் குக்கீ அழியும்.